காற்று முதலில், நெருப்பு பிறகு, எண்ணெய் கடைசியில்

மாதிரி விமான டர்பைன்: வாசகர் கேள்வி பதில்

வெயில் ஏறிவிட்டது. ஏரிகள் வற்றி, தரை காய்ந்து கெட்டியாகி, குட்டி ஜெட் ஓட்டுகிறவர்களுக்கு ஓடுதளம் கிடைத்துவிட்டது. கூடவே கடிதங்களும் குவிந்துவிட்டன. முக்கால்வாசியில் ஒரே விஷயம்: எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் 26 வருஷம் டீசல் பம்ப், நோசில் சர்வீஸ் செய்தவன் நான். கடைசி 12 வருஷமாக அதே மேஜையில் டர்பைன்களையும், அதாவது மாதிரி விமானத்தை ஓட்டும் குட்டி ஜெட் எஞ்சின்களையும், பார்க்கிறேன்.

ஐயா, நாங்கள் நாலு பேர் சேர்ந்து 100 நியூட்டன் உந்துவிசை உள்ள பழைய டர்பைன் ஒன்று வாங்கினோம். கேஸ் ஸ்டார்ட் வகை, முதலில் கேஸில் பற்றி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது. கேஸ் போகும் சத்தமும் கேட்கிறது. ஆனால் பற்றுவதே இல்லை. எக்ஸாஸ்ட் வெப்பம் 34 டிகிரியிலேயே நிற்கிறது. மண்ணெண்ணெய்ப் பம்பின் வோல்டேஜைக் கூட்டிப் பார்க்கலாமா? (பாலிடெக்னிக் மாணவர், பாலக்கோடு)

வோல்டேஜைத் தொடாதீர்கள் தம்பி. நீங்கள் சொல்லும் கட்டத்தில் பம்புக்கு இன்னும் வேலையே வரவில்லை.

உங்கள் தாத்தாவிடம் பெட்ரோமாக்ஸ் விளக்கை எப்படி ஏற்றினார் என்று கேளுங்கள். எடுத்த எடுப்பில் எண்ணெயைத் திறந்துவிட்டுத் தீக்குச்சி கிழித்தால் குப்பென்று நெருப்புதான் எழும்பும், விளக்கு எரியாது. சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, குழாய் சூடேறும்வரை காத்திருந்து, அப்புறம்தான் காற்றடிப்பார்கள். சூடான குழாய்க்குள் மண்ணெண்ணெய் ஆவியாகி மேன்டிலுக்குப் போகும். உங்கள் எஞ்சினின் எரியறைக்குள்ளும் இப்படி ஆவியாக்கும் குழாய்கள் வட்டமாக நிற்கின்றன. அவற்றைச் சூடாக்கத்தான் கேஸ். அந்தக் கேஸே பற்றாதபோது மண்ணெண்ணெயைக் கூட்டிவிட்டால், அது திரவமாகவே அடியில் தேங்கும். என்றைக்குப் பற்றுகிறதோ அன்றைக்கு மொத்தமும் ஒரே நேரத்தில் எரியும்.

ஆகவே முதலில் க்ளோ பிளக், அதாவது சிவக்கச் சூடேறிக் கேஸைப் பற்றவைக்கும் பிளக். கழற்றி வெளியே எடுத்து, வயரை மாட்டி, வெயில் படாத இடத்தில் எரியவிட்டுப் பாருங்கள். செந்தூரா மாம்பழத் தோலின் சிவப்பு போதாது. பங்கனப்பள்ளியின் மஞ்சளை நோக்கிப் போகிற ஆரஞ்சு வேண்டும். மங்கலாக இருந்தால் பிளக்குக்குப் போகும் மின்சாரம் குறைவு, அல்லது பிளக்கின் காலம் முடிந்துவிட்டது.

நிறம் சரியாக இருந்தும் பற்றவில்லை என்றால் சுருளைப் பாருங்கள். கடையில் வாங்கும் பிளக்கில் கம்பிச்சுருள் குழிக்குள் ஒளிந்திருக்கும். நம் எஞ்சினில் கேஸ் அந்தக் குழிக்குள் சரியாக நுழையாது. பூதக்கண்ணாடி ஒன்றும் மெல்லிய தையல் ஊசி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி நுனியைச் சுருளின் வெளிப்பக்க வளையத்துக்குள் விட்டு, மெதுவாக, இழுக்கிறோமா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெதுவாக, வெளியே கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று வளையம் பிளக்கின் வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் போதும். வளையங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது, ஓரத்து உலோகத்தையும் தொடக்கூடாது. பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பி அது. ஒருமுறை மடங்கி ஒடிந்தால் பிளக் போனதுதான். இந்த ஒரு வேலையைச் செய்து கொடுத்தே என் மேஜைக்கு வந்த பல எஞ்சின்களை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்தது கேஸின் அளவு. சத்தம் கேட்பது போதாது. எஞ்சினிலிருந்து கேஸ் ட்யூபைப் பிடுங்கி, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாத திறந்த வெளியில், ஒரு டம்ளர் தண்ணீரில் நுனியை விட்டு வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். குமிழ் சீராக வரவேண்டும். தண்ணீரே வெளியே துள்ளினால் அளவு அதிகம், பற்ற வேண்டிய பொறியை அதுவே ஊதி அணைத்துவிடும். இன்னொரு அடையாளமும் உண்டு. ஸ்டார்ட்டர் நின்று, சுழற்சி இறங்கும் நேரத்தில் உள்ளே 'பொப்' என்று ஒரு சத்தம் வந்தால், பெரும்பாலும் காற்று அதிகம், கேஸ் குறைவு என்று பொருள். ஊசி வால்வைக் கால் சுற்று திறந்து மறுபடி பாருங்கள்.

வீட்டுச் சிலிண்டரிலிருந்து கேஸ் பிடிக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அது சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து. முகாம் அடுப்புக்கு விற்கும் சின்ன கேன், புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, அதுதான் இதற்கு ஏற்றது.

சென்னையில் ஒரு நண்பர் செட் செய்து, ஓட்டிக் காட்டிக் கொடுத்த 100 நியூட்டன் எஞ்சின். இங்கே கேஸ் பற்றுகிறது, மண்ணெண்ணெயும் பற்றுகிறது, 18,000 ஆர்.பி.எம். வரை ஏறுகிறது. அங்கேயே நின்று முனகுகிறது. கொஞ்ச நேரத்தில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, இ.சி.யு., தானாகவே நிறுத்திவிடுகிறது. பேட்டரியை டெஸ்டரில் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. (லேத் ஆபரேட்டர், ஓசூர்)

எவ்வளவு ஆர்.பி.எம். என்று எழுதிய நீங்கள் வெப்பத்தை எழுதவில்லையே அண்ணா. இந்தக் கோளாறில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

சுழற்சி ஏறாமல் நிற்கும்போது வெப்பமும் இறங்கிக்கொண்டே போனால், எஞ்சினுக்கு எண்ணெய் வந்து சேரவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கும், ட்யூப் மடங்கியிருக்கும், அல்லது டீசல்காரர்கள் சொல்கிற மாதிரி ஏர் பிடித்திருக்கும். சுழற்சி நிற்கும்போது வெப்பம் மட்டும் 600, 700, 800 என்று ஏறினால் கதை நேர்மாறு: எண்ணெய் இருக்கிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. உங்களுடையது இரண்டாவது ரகமாக இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. காரணம் உங்கள் ஊர்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். சென்னையை ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி எட்டு சதவீதம்போலக் குறைவு. கடற்கரைக் காற்றுக்கு அளந்து வைத்த எண்ணெய், ஓசூர்க் காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். ஓடும் எஞ்சின் இதைச் சமாளித்துக்கொள்ளும். சொந்தக் காலில் நிற்காத, ஸ்டார்ட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற எஞ்சின் சமாளிக்காது. இ.சி.யு. மெனுவில் தொடக்கப் பம்ப் வோல்டேஜ் என்று ஒன்று இருக்கும். அதை ஒரே ஒரு படி இறக்குங்கள். எண்ணெய் ஏறும் வேகத்தையும் கொஞ்சம் மெதுவாக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். டெஸ்டரை வைத்துச் சும்மா கிடக்கும் பேட்டரியை அளந்தால் அது நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். சென்ற வருஷம் ஒருவர் கொண்டுவந்த இரண்டு செல் லித்தியம் பேட்டரி ஓய்வில் 8.2 வோல்ட் காட்டியது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது அளந்தேன், 6.3. டிராக்டர் பேட்டரியை எப்படிச் செல்ஃப் அடிக்கும்போது பார்ப்போமோ, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

பேட்டரியும் சரி என்றால் ஓ-ரிங். ஸ்டார்ட்டரின் முனையில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான், காற்றை உள்ளே அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் நட்டைப் பிடித்துச் சுற்றுகிறது. அதில் துளி எண்ணெய் பட்டாலும் பாதி வழியில் வழுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் கத்துகிற சத்தம் ஏறும், டர்பைனின் சுழற்சி ஏறாது. இந்த இரண்டையும் காது பிரித்துக் கேட்டுவிடும். வெள்ளைத் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து நட்டையும் வளையத்தையும் துடையுங்கள். துணி கறுப்பாக வந்தால் மறுபடியும் துடையுங்கள். வளையம் பளபளத்துத் தட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பழைய 100 நியூட்டன் ரகங்கள் பலவும் 33,000 முதல் 35,000 ஆர்.பி.எம்.மில்தான் ஐடிலிங் நிற்கும். முழு வேகம் 1,20,000 பக்கம். 18,000 என்பது பாதிக் கிணறு. அந்த இடத்தில் ஸ்டார்ட்டர் கையை விட்டால் எஞ்சின் மூழ்கத்தான் செய்யும்.

ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு வருகிறது. நாலு முறை முயன்றேன், ஒவ்வொரு முறையும் நெருப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது. வீட்டில் பயப்படுகிறார்கள். (வாசகர், காரிமங்கலம்)

வீட்டில் பயப்படுவது சரி. ஐந்தாவது முறை பட்டனை அழுத்தாதீர்கள்.

முதல் முறை பற்றாமல் போன எண்ணெய் உள்ளேயே கிடக்கிறது. இரண்டாவது முறை அதன்மேல் இன்னும் கொஞ்சம். நெருப்பு வளர்வது அதனால்தான். இப்போது செய்ய வேண்டியது: பேட்டரியைக் கழற்றுங்கள். விமானத்தின் மூக்கைத் தூக்கி, வால் பக்கம் தரையை நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். எக்ஸாஸ்ட் வழியாக எண்ணெய் சொட்டும். கீழே ஒரு தட்டு வையுங்கள், எவ்வளவு வந்தது என்று கண்ணால் பாருங்கள். சொட்டுவது நின்ற பிறகு எக்ஸாஸ்ட் கூம்பின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். பிறகு எண்ணெயும் கேஸும் இல்லாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சில விநாடி சுற்றவிட்டு உலர்த்துங்கள்.

எண்ணெய் எப்படி உள்ளே போனது என்பதையும் பார்க்க வேண்டும். பலர் ட்யூபில் காற்றை எடுப்பதற்காகப் பம்பை ஓட்டும்போது, எஞ்சினில் மாட்டிய நிலையிலேயே ஓட்டிவிடுகிறார்கள். அது தப்பு. எஞ்சின் பக்கத்து ட்யூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, குமிழ் நிற்கும்வரை ஓட்டி, அப்புறம் மாட்டுங்கள். இன்னொரு காரணம் காற்றின் திசை. வால் பக்கத்திலிருந்து காற்றடிக்கும்போது ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் தன் புகையையே எதிர்த்து ஊத வேண்டியிருக்கும், வெப்பம் ஏறிவிடும். மூக்கு எப்போதும் காற்றைப் பார்த்து இருக்கட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு முன், காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் வற்றிக் கிடந்த ஓர் ஏரியில், நானே மூன்றாவது முறை பட்டனை அழுத்தினேன். பொழுது சாய்கிற நேரம், பார்க்க வந்த பிள்ளைகள் காத்திருந்தார்கள், ஏமாற்றக் கூடாது என்ற எண்ணம். ஒரு மீட்டர் நெருப்பு வந்தது. பதற்றத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், ஸ்டார்ட்டரையும் சேர்த்து. அதுதான் பெரிய பிழை. காற்று நின்றதும் சூடெல்லாம் உள்ளேயே அடைந்து நின்றது. இரவு பட்டறையில் பிரித்துப் பார்த்தேன். எஞ்சினின் பின்பக்கம் சூட்டில் சுழலும் டர்பைன் சக்கரம் நிக்கல் கலவை, இன்கோனல். அதன் இறக்கை நுனிகள் நீலம் பாய்ந்து, வெளி உறையை உரசிய வெள்ளைக் கோடு ஒன்று சுற்றிலும் ஓடியிருந்தது. நகத்தால் தடவினால் கோடு தட்டியது. அந்தச் சக்கரத்தை இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு பையனிடமும் அதைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

ஆகவே நெருப்பு வந்தால் எண்ணெயை நிறுத்துங்கள், ஸ்டார்ட்டரை ஓடவிடுங்கள். காற்றே பெரும்பாலும் நெருப்பை வெளியே தள்ளி அணைத்துவிடும். அணையாவிட்டால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். மாவு போல் அடிக்கும் தீயணைப்பான் வேண்டாம். அந்தத் தூள் பேரிங்குக்குள் போனால் நெருப்பில் தப்பிய எஞ்சினும் கெட்டுப்போகும். சிலிண்டரைப் பிடிக்க ஒரு ஆள், விமானத்தை இயக்கும் ரேடியோவைப் பிடிக்க ஒரு ஆள். தனி ஆளாக டர்பைன் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றலாமா? (அரூர்)

கூடாது. நீலச் சாயம் கலந்த அந்த எண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் மட்டுமே என்று 1993-ஆம் ஆண்டு அரசாணை சொல்கிறது. ஏழை வீட்டு அடுப்புக்கு வந்த எண்ணெயை நாம் பொழுதுபோக்குக்கு எரிப்பது எனக்கு மனசுக்கும் ஒப்பவில்லை. சாயம் கலக்காத வெள்ளை மண்ணெண்ணெய் வாங்குங்கள். நல்ல துணியிலோ மெல்லிய ஃபில்டரிலோ வடிகட்டி, 20 லிட்டருக்கு 1 லிட்டர் டர்பைன் ஆயில் கலந்துகொள்ளுங்கள். இந்த எஞ்சின்களில் தனி ஆயில் டேங்க் கிடையாது, எரிபொருளோடு வரும் ஆயில்தான் பேரிங்குக்கும் போகிறது. ஏரோஷெல் 500, மொபில் ஜெட் 2 போன்றவை இதற்கு ஆகும். மோட்டார் சைக்கிள் ஆயில் ஆகாது. கலக்கும்போது கையுறை போடுங்கள், டர்பைன் ஆயில் தோலுக்கு நல்லதல்ல.

காலை ஏழு மணிக்கு முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆகிறது. பதினொரு மணிக்கு மேல் அதே எஞ்சின் பற்றி, இரண்டு விநாடி ஓடி, அணைந்துவிடுகிறது. (வாசகர், போச்சம்பள்ளி)

இரண்டு சந்தேகம். கேஸ் கேன் வெயிலில் கிடந்ததா? பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும் பொருள், புரொப்பேன் மைனஸ் 42-இல். 38 டிகிரி வெயிலில் கேனுக்குள் அழுத்தம் காலையில் இருந்ததைவிட வெகுவாகக் கூடிவிடும். காலையில் அளவாக வந்த கேஸ் மதியம் பாய்ந்து வரும். கேனை நிழலில், ஈரத்துணி சுற்றி வையுங்கள். மார்கழிக் குளிரில் இதே ஊரில் நேர்மாறாக நடக்கும், கேஸ் வரவே தயங்கும். அப்போது கேனைக் கொஞ்ச நேரம் கைக்குள் பொத்தி வைத்தாலே போதும்.

ஆனால் பற்றி ஓடி அணைகிறது என்கிறீர்களே, அதனால் எனக்கு ட்யூப் மீதுதான் கண். வெயிலில் பாலியூரித்தேன் ட்யூப் இளகும். அழுத்திச் செருகும் இணைப்பில் அதன் பிடி தளரும். பம்புக்குப் பிறகுள்ள பக்கம் என்றால் எண்ணெய் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் என்றால் ஒரு சொட்டுகூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கண்ணுக்கு எல்லாம் காய்ந்து சுத்தமாகத் தெரியும். 26 வருஷம் டீசல் வண்டிகளில் நான் அதிகம் தேடியது இந்தக் கோளாறைத்தான். ட்யூப் நுனியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பாருங்கள். கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டியிருந்தாலோ, நீளவாக்கில் ஒரு கீறல் இருந்தாலோ, அரை அங்குலம் விட்டு, புது பிளேடால் நேராக வெட்டி மறுபடி செருகுங்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே குமிழ் பிடிக்கும் சின்ன டேங்க் ஒன்று இல்லையென்றால் போட்டுவிடுங்கள். 100 நியூட்டன் ரகம் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 300 முதல் 400 மில்லி குடிக்கும். பட்டாணி அளவு காற்றுக்குமிழ் ஒன்று போனால் நெருப்பு அணைந்துவிடும். தரையில் அணைந்தால் பரவாயில்லை, தென்னந்தோப்புக்கு மேலே போய் அணைந்தால்?

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் டர்பைன் வாங்கித் தா என்று சாப்பிடாமல் இருக்கிறான். வாங்கித் தரலாமா? (ஒரு தாய், தர்மபுரி)

இப்போது வேண்டாம் அம்மா. மின்மோட்டாரில் ஓடும் விசிறி ஜெட் ஒன்றில் இரண்டு வருஷம் பறக்கட்டும். தரையிறக்கக் கை பழகட்டும். ஆனால் அவன் ஆசையைத் தட்டிவிடாதீர்கள். இந்த எஞ்சின்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த கர்ட் ஷ்ரெக்லிங். அவருடைய தொடக்க கால எஞ்சினில் கம்ப்ரஸர் சக்கரம் பிளைவுட்டில் செய்து, கார்பன் இழை சுற்றியது. பிறகு வந்த கே.ஜே.66-இல் மோட்டார் வண்டி டர்போசார்ஜரின் 66 மில்லிமீட்டர் சக்கரத்தையே போட்டார்கள். வீட்டுப் பட்டறையில் லேத்தும் பொறுமையும் வைத்துக்கொண்டு பிறந்த சாதனம் இது. அவனும் லேத் பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் பட்டறைக்கு அனுப்புங்கள். சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள் கண்ணு. முதலில் ஓ-ரிங்கைத் துடைப்பான், பிளக் சுருளை இழுப்பான், பிறகு களத்தில் தீயணைப்பு சிலிண்டரைப் பிடிப்பான். எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலம் பார்க்கவும் அவனே பழகட்டும். 2021-இன் ட்ரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கும் பொருந்தும்.

திருத்தம்

சென்ற இதழில் 20 லிட்டர் மண்ணெண்ணெய்க்கு 100 மில்லி டர்பைன் ஆயில் என்று நான் எழுதியது தவறு. 1 லிட்டர் என்று இருந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக் கலந்து வைத்திருப்பவர்கள் அந்த எண்ணெயில் எஞ்சினை ஓட்ட வேண்டாம். இன்னும் 900 மில்லி ஆயில் சேர்த்து, கேனை நன்றாகக் குலுக்கிய பிறகு பயன்படுத்துங்கள். ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்கள், எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, கம்ப்ரஸர் நட்டை விரலால் மெல்லச் சுண்டிச் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்று ஒரு சத்தம் வந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல் எனக்கு அனுப்புங்கள். பேரிங்கை என் செலவில் மாற்றித் தருகிறேன்.